புது ரிவால்வர் வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒட்டுக்கடையில் நாலு பேர் தே தாரிக்கோடு உட்கார்ந்து, அதில் ஒருவர் துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருப்பவர் என்றால், பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காட்டுப்பன்றியில் தொடங்கி ரிவால்வரில் முடியும். திரும்பத் திரும்ப வரும் அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். பாகங்களுக்குப் புழக்கத்தில் உள்ள பெயர்களையே வைத்திருக்கிறோம். தோட்டா நிற்கும் சுழலும் உருளை சிலிண்டர். அதில் உள்ள ஒவ்வொரு துளையும் அறை. பின்னாலிருந்து அடிப்பது சுத்தி. விரல் வைத்து இழுப்பது விசை.

1. நம்ம நாட்டுல சாதாரண ஆளு ரிவால்வர் வாங்க முடியுமா முடியாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

முடியும். ஆனால் சுலபமில்லை. ஆயுதச் சட்டம் 1960இன் கீழ் லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ யாரும் வைத்திருக்கக் கூடாது. லைசன்ஸ் தருவதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் முடிவு. மறுத்தால் "எனக்கு உரிமை இருக்கிறது" என்று வாதாட இங்கே இடமில்லை.

கைத்துப்பாக்கி கேட்பவரிடம் முதலில் கேட்கப்படுவது "எதற்கு?" என்பதுதான். விண்ணப்பம் நிற்க வேண்டுமென்றால், பதிவு பெற்ற துப்பாக்கி சுடும் கழகத்தில் உறுப்பினராக இருந்து போட்டிக்குச் சுடுபவர் என்று காட்ட வேண்டும், அல்லது உயிருக்கு மெய்யான அச்சுறுத்தல் இருப்பதை நிரூபிக்க வேண்டும். "ரொம்ப நாள் ஆசை" என்பது காரணமாகாது. ஆகவே ஆர்வலருக்குக் கழகம்தான் வாசல். இனி வரும் பதில்கள் எல்லாம் அந்த வாசல் வழியாகப் போகிறவருக்காக எழுதப்பட்டவை.

2. செம்பனைக் காட்டுல பன்னித் தொல்லை தாங்க முடியல. அதுக்குன்னு ரிவால்வர் கேட்டா கொடுப்பாங்களா?

மாட்டார்கள். கொடுத்தாலும் பயனில்லை. பயிர்க் காவலுக்கு இங்கே வழங்கப்படுவது நீளத் துப்பாக்கிதான். நம்மவர்கள் "செனாப்பாங் பாத்தா" என்று சொல்லும், நடுவில் மடியும் 12 போர் ஒற்றைக்குழல். நாலு அங்குலக் குழலுள்ள ரிவால்வரால் அரையிருட்டில் ஓடும் பன்றியை அடிப்பது தேர்ந்த கைக்கே கடினம். காயத்தோடு பன்றி புதருக்குள் போய்விடும், தவறிய தோட்டா லயன் வீட்டுப் பக்கம் போகும். எந்த விலங்கைச் சுடலாம் என்பதற்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 தனியாக இருக்கிறது. பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்குத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டே இறங்க வேண்டும்.

3. முதல்ல நல்ல துப்பாக்கியா பார்த்து முன்பணம் கட்டிட்டு, அப்புறம் லைசன்ஸ் போட்டா என்ன?

வரிசை தலைகீழாகிவிடும். கழகத்தில் சேருவது, பாதுகாப்புப் பயிற்சி முடிப்பது, கழகத்தின் துப்பாக்கியில் சில மாதம் சுட்டுப் பழகுவது, கழகத்தின் ஆதரவுக் கடிதத்தோடு மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் விண்ணப்பிப்பது, அனுமதி கையில் வந்த பிறகு லைசன்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் வாங்குவது. இதுதான் முறை. கேட்ட வகைக்கும் அளவுக்கும் அனுமதி கிடைக்காமல் போகலாம், அப்போது கட்டிய முன்பணத்தைத் திரும்பப் பெற அலைய வேண்டியிருக்கும்.

"தெரிந்தவர் ஒருவர் சும்மா தருகிறார், காகிதம் பிறகு பார்க்கலாம்" என்ற பேச்சு வந்தால் அங்கிருந்து எழுந்து போய்விடுங்கள். துப்பாக்கிகள் (கடும் தண்டனைகள்) சட்டம் 1971இன்படி, சட்டவிரோதமாக ஒரு துப்பாக்கி வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. இரண்டுக்கு மேல் வைத்திருந்தால் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும்.

4. அப்ப லைசன்ஸ் தொல்லையே வேணாம்னு ஒரிஜினல் மாதிரியே இருக்கற பொம்மை ரிவால்வர், ஏர்கன் வாங்கி வச்சுக்கலாமா?

வேண்டாம். காற்றுத் துப்பாக்கியும் மேலே சொன்ன 1960 சட்டத்தில் "ஆயுதம்" என்ற சொல்லுக்குள்ளேயே அடங்குகிறது. அசல் போலவே தோன்றும் போலித் துப்பாக்கிக்கு அதே சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. இணையத்தில் வெளிநாட்டுக் கடை "லைசன்ஸ் தேவையில்லை" என்று போட்டிருப்பது அந்த நாட்டுக்கான பேச்சு. பார்சல் இங்கே வந்து இறங்கியதும் சுங்கத்துறையும் போலீசும் பார்ப்பது நம் சட்டத்தை.

5. சிங்கிள் ஆக்‌ஷன், டபுள் ஆக்‌ஷன்னு சொல்றாங்களே, அது என்ன?

விசை எத்தனை வேலை செய்கிறது என்பதுதான் வித்தியாசம். சிங்கிள் ஆக்‌ஷனில் கட்டைவிரலால் சுத்தியைப் பின்னே இழுத்து நிறுத்துகிறீர்கள், விசை அதை விடுவிக்க மட்டும் செய்கிறது. இழுப்பு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ. டபுள் ஆக்‌ஷனில் விசையே சிலிண்டரைச் சுழற்றி, சுத்தியைத் தூக்கி, விடுவிக்கவும் செய்கிறது. இழுப்பு நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை போகும்.

இன்று விற்கும் பெரும்பாலான ரிவால்வர்கள் இரண்டு வழியிலும் சுடக்கூடியவை. குறிப்பலகையில் முதல் நாளே துளைகள் நெருக்கமாக விழுகின்றன என்று எல்லோரும் சுத்தியை இழுத்துவைத்தே பழகுகிறார்கள். நீண்ட இழுப்பை முதலில் பழகியவர் கை பிறகு இரண்டிலும் நிற்கும். மற்றவருக்கு ஒன்றில்தான் நிற்கும்.

6. .22, .38, .357னு மூணு சொல்றாங்க. எதை எடுக்கறது?

மூன்றும் தோட்டா அளவுகளின் பெயர்கள். முதல் துப்பாக்கி என்றால் .22. பின்னுதை மிகக் குறைவு, சத்தம் குறைவு, தோட்டா மூன்றிலும் மலிவு. மாதம் ஐம்பது தோட்டா சுடுகிறவரும் இருநூறு சுடுகிறவரும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். .22இல் தோட்டாவின் விளிம்பை அடித்தே பற்றவைப்பதால் சுத்தி வலுவாக விழ வேண்டும், அதனால் டபுள் ஆக்‌ஷன் இழுப்பு பெரிய அளவுகளைவிடக் கனமாகத் தோன்றும்.

.38 ஸ்பெஷல் 1898ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. குறிப்பலகைக்கு இதைவிட இதமான தோட்டா அரிது. 148 கிரெய்ன், அதாவது சுமார் 9.6 கிராம் எடையுள்ள தட்டைமுனை ஈயத் தோட்டா காகிதத்தில் துளைப்பான் போட்டது மாதிரி வட்டமாக வெட்டும், புள்ளி எண்ணுவதில் சண்டை வராது. .357 மேக்னம் 1930களில் அதே .38இன் கூட்டை, அதாவது மருந்தும் ஈயமும் நிற்கும் உலோக உறையை, நீட்டி உருவாக்கியது. 158 கிரெய்ன் தோட்டாவை .38 நொடிக்கு ஏறக்குறைய 230 மீட்டர் வேகத்தில் தள்ளும், .357 அதே எடையை 370 மீட்டருக்கு மேல் தள்ளும். ஆற்றல் இரண்டரை மடங்குக்கும் மேல். காகிதத்துக்கு அந்த ஆற்றல் தேவையே இல்லை.

எங்கள் கணிப்பு இது. கழகத்தின் .22இல் ஓராண்டு பழகுங்கள். சொந்தமாக வாங்கும்போது .357 அறையுள்ள துப்பாக்கியை எடுத்து .38 போட்டுச் சுடுங்கள். கனமான உடம்பு, இதமான தோட்டா, இரண்டும் சேரும். ஆனால் லைசன்ஸில் எந்த அளவு எழுதப்படுகிறதோ அதற்கான தோட்டா மட்டுமே வாங்க முடியும். .38ஐயும் சேர்த்துக் குறிப்பிட வேண்டுமா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

7. .357ல .38 போகுதுன்னா, .38ல .357 போகாதா? ரெண்டும் ஒரே தடிப்பு தானே?

தடிப்பு ஒன்றுதான், ஈயத்தின் விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய 9.07 மில்லிமீட்டர். ஆனால் .357இன் கூடு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளம். .38 அறைக்குள் அது முழுதாக இறங்காது, அதற்காகவே நீட்டி வைத்தார்கள். இறங்கவில்லை என்று தட்டி உள்ளே தள்ளப் பார்க்கிறவர்களும் உண்டு. அந்த அழுத்தத்தைத் தாங்க .38 சிலிண்டர் செய்யப்படவில்லை.

மறுபக்கம் ஒரு சின்னத் தொல்லை. .357 அறையில் குட்டையான .38ஐயே சுட்டுக்கொண்டிருந்தால் கூடு முடியும் இடத்தில் கரி வளையம் படியும். பிறகு ஒருநாள் .357 போட்டால் சிக்கும், சுட்ட கூடு வெளியே வராது. வெண்கலத் தூரிகையை ஒவ்வொரு அறையிலும் சுழற்றி எடுத்தால் தீர்ந்தது.

8. குழல் எத்தனை அங்குலம் வேணும்? சின்னதா இருந்தா அழகா இருக்கே.

அழகுதான், ஆனால் சுட்டால் தெரியும். இரண்டு அங்குலத் துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவு. கை நூலளவு அசைந்தாலும் 25 மீட்டரில் தோட்டா அட்டையை விட்டே போய்விடும். எடையும் பாருங்கள். சட்டைப்பைக்கென்று செய்த ஐந்து தோட்டா ரிவால்வர் அரைக் கிலோவுக்கும் குறைவு. நாலு அங்குல ரூகர் ஜி.பி. 100 ஒரு கிலோவுக்கு மேல். அந்த எடைதான் உதையை வாங்கிக்கொள்கிறது. எடை குறைந்ததில் .357 சுட்டால் இருபதாவது தோட்டாவுக்குள் கை கூச ஆரம்பிக்கும், பிறகு விசையை இழுக்குமுன்பே கண் மூடும்.

நாலு அங்குலம் எதற்கும் ஒத்துவரும், ஆறு அங்குலம் குறிப்பலகைக்கென்றே உள்ளது. போட்டி எண்ணம் இருந்தால் உலகத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் 25 மீட்டர் சென்டர் ஃபயர் (விளிம்பில் அல்லாமல் நடுவில் அடித்துப் பற்றவைக்கும் தோட்டா) பிரிவு விதியை மனதில் வையுங்கள். குழல் 153 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, எடை 1,400 கிராமுக்குள், விசை இழுப்பு குறைந்தது 1,000 கிராம், அளவு 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர், மேக்னம் தோட்டாவுக்கு அனுமதியில்லை. ஆறு அங்குலம் என்பது 152.4 மில்லிமீட்டர். மயிரிழையில் உள்ளே நிற்கிறது.

9. ஸ்மித், ரூகர், கோல்ட், டாரஸ்... எந்த கம்பெனி நல்லது?

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் துப்பாக்கிகளின் சட்டங்களுக்கு, அதாவது மற்றப் பாகங்களைத் தாங்கும் உடற்பகுதிக்கு (ஃப்ரேம்), எழுத்துப் பெயர் வைத்திருக்கிறது. ஜே சிறியது, கே நடுத்தரம், எல் அதைவிடக் கனம், என் பெரியது. ஆர்வலர்கள் அதிகம் பேசும் 686 எல் சட்டம், பத்துத் தோட்டா .22 ஆன 617 கே சட்டம். விசை வழுவழுப்பு இவற்றின் பெயர். ரூகர் ஜி.பி. 100 1985இல் வந்தது. கட்டுறுதி அதன் பெயர், விசை கொஞ்சம் கரடு, சுடச்சுடப் பழகும். கோல்ட் பைதான் 2020இல் மறுபடி வந்தது, விலையும் அதன் பெயரைப் போலவே பெரிதாக இருக்கும். பிரேசிலின் டாரஸ் மலிவு. ஒன்று நன்றாக இருக்கும், பக்கத்துப் பெட்டியில் உள்ளது சுமாராக இருக்கும், அதனால் 12ஆம் பதிலில் உள்ள சோதனையை டாரஸுக்கு இரண்டு முறை செய்யுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், நம் ஊர்க் கடையில் என்ன இருக்கிறது என்பதுதான் கடைசியில் முடிவு செய்யும். இறக்குமதிக்கும் அனுமதி வேண்டும். உதிரிப் பாகம் இங்கே கிடைக்கிறதா என்பதைப் பெயரைவிட முக்கியமாகக் கேளுங்கள்.

10. என் கை சின்னது, விரல் எட்ட மாட்டேங்குது. கட்டை மாத்தினா போதுமா?

பெரும்பாலும் போதும். முதலில் அளந்து பாருங்கள். காலித் துப்பாக்கியைக் குழல் முன்கையின் நேர்க்கோட்டில் வருமாறு பிடித்து விரலை விசையில் வையுங்கள். டபுள் ஆக்‌ஷனுக்கு முதல் மூட்டு மடிப்பு விசையில் படிந்தால் சரி. நுனி மட்டும் தொட்டால் துப்பாக்கி பெரிது. எட்டவில்லை என்று கையை ஒருபக்கம் திருப்பிப் பிடித்தால் உதை கட்டைவிரல் எலும்பில் இறங்கும், குறியும் ஒருபக்கமாகவே விழும்.

கைப்பிடிக் கட்டையில் பின்பக்கத்தை மூடாத வகை இருக்கிறது. அது விசைக்குள்ள தூரத்தைச் சில மில்லிமீட்டர் குறைக்கும். அதுவும் போதவில்லையென்றால் ஒரு சட்டம் சின்னதாக எடுங்கள்.

11. கருப்பு நல்லதா, சில்வர் நல்லதா?

நம் ஊர் ஈரத்துக்குத் துருப்பிடிக்கா எஃகு. காலையில் பனி, மாலையில் மழை, இடையில் வியர்வை. நீலம் பாய்ச்சிய எஃகில் விரல் ரேகை பட்ட இடத்திலேயே இரண்டு நாளில் செம்புள்ளி எட்டிப்பார்க்கும். துருப்பிடிக்கா எஃகும் துருப்பிடிக்கும், மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். எதுவானாலும் தோலுறையில் போட்டு மூடி வைக்காதீர்கள், தோல் ஈரத்தையும் பதனிட்ட உப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். சுட்ட அன்றே துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டு, அது நிறம் மாறியதும் மாற்றுங்கள். அறைக்குள் எண்ணெய் தேங்கவிடக் கூடாது, அது பற்றுவிசைக்குள், அதாவது தோட்டாவின் அடியில் அடிபட்டுத் தீப்பற்றும் சிறு மூடிக்குள், கசிந்தால் தோட்டா வெடிக்காது.

12. புதுசு தானே, கடையில என்னத்தைப் பார்க்கணும்?

புதிதில்தான் பார்க்க வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகு திருப்புவது இந்தச் சரக்கில் மிகவும் சிக்கல். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, சிலிண்டரின் மேல் ஒரு விரலை லேசாக இழுபடும்படி வைத்து, சுத்தியை மிக மெதுவாகப் பின்னே கொண்டுவாருங்கள். சுத்தி முழுதாக நிற்குமுன் அல்லது நிற்கும்போதே, சிலிண்டர் "டிக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். சுத்தி நின்ற பிறகும் சிலிண்டர் கையால் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால் அந்த அறை குழலுக்கு நேராக வருவதில்லை. ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள், ஐந்து சரியாக இருந்து ஒன்று பிந்துவது உண்டு. அடுத்து, நிறுத்திய சுத்தியைக் கட்டைவிரலால் முன்பக்கம் அழுத்துங்கள். விசையைத் தொடாமல் விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

சிலிண்டருக்கும் குழலின் பின்முனைக்கும் உள்ள இடைவெளிதான் ரிவால்வரின் ஜாதகம். அதை அளக்கப் புதுக் கருவி வேண்டாம், மோட்டார் வால்வு சரிசெய்ய ஒர்க்‌ஷாப்பில் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும், துடைத்துக் கொண்டுபோங்கள். 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் நல்ல அளவு. 0.08க்குக் கீழே என்றால் ஐம்பது தோட்டாவில் கரி அடைத்துச் சிலிண்டர் உரசும். 0.25 தகடு உள்ளே போனால் வேகமும் குறையும், ஈயத்துணுக்கும் பக்கவாட்டில் தெறிக்கும். சிலிண்டரை முன்னே தள்ளி ஒருமுறை, பின்னே தள்ளி ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அது முன்பின் ஆட்டம், புதிதில் ஏறக்குறைய இல்லாமலே இருக்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது வழக்கம், பயப்பட வேண்டாம்.

மிச்சம் கண் வேலை. பின்னாலிருந்து பார்த்து முன்குறி நேராக நிற்கிறதா பாருங்கள், குழலை முறுக்கியபோது ஒருபக்கம் சாய்ந்துவிட்ட புதுத் துப்பாக்கி அபூர்வமில்லை. குழலின் வாயில் பிசிறு, பின்முனைக் கூம்பில் கீறல் இருக்கக் கூடாது. கடைசியாக எண். சிலிண்டரைத் திறந்தால் தெரியும் எல்லா எண்ணும் வரிசை எண் அல்ல, மாடல் எண்ணும் அதே இடத்தில் இருக்கும். லைசன்ஸில் ஏறப்போவது வரிசை எண். ஒரு இலக்கம் மாறினாலும் சட்டப்படி அது வேறு துப்பாக்கி. கடைக்காரர் எழுதியதைத் துப்பாக்கியோடு வைத்து நீங்களே வாய்விட்டுப் படியுங்கள்.

13. காலியா இருக்கறப்ப "டக் டக்"னு அடிச்சுப் பழகலாமா? சினிமாவுல மாதிரி சிலிண்டரை உதறி மூடலாமா?

.38, .357இல் காலியாக அடிப்பது பெரிதாகக் கெடுக்காது, ஆனாலும் போலித் தோட்டா போட்டுப் பழகுவது நல்லது. .22இல் போலித் தோட்டா இல்லாமல் அடிக்காதீர்கள். அடிமுள் அறையின் விளிம்பில் போய் மோதி வடு விழும், பிறகு தோட்டா இறங்காது. பழகும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

உதறி மூடுவது சினிமாவோடு இருக்கட்டும். சிலிண்டரைத் தாங்கும் கை மெல்லியது. நாலு முறை உதறினால் வளையும், வளைந்தால் 12இல் சொன்ன அத்தனை அளவும் போய்விடும். கட்டைவிரலால் தள்ளி மூடுங்கள்.

14. விலை எவ்வளவு ஆகும்?

அமெரிக்க விலையை ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இறக்குமதிச் செலவு, குறைந்த விற்பனை எல்லாம் சேர்ந்து இங்கே விலை வேறு. இரண்டு மூன்று கடையில் எழுத்தில் விலை கேளுங்கள். இரும்புப் பெட்டி, காதுமூடி, கண்ணாடி, கழகச் சந்தா, ஓராண்டுத் தோட்டா ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால் துப்பாக்கி சின்னச் செலவாகத் தெரியும்.

15. சுடறப்ப "டிக்"னு மட்டும் கேட்டுச்சு, வெடிக்கல. மறுபடி இழுக்கலாமா?

இழுக்கக் கூடாது. குழலைக் குறிப்பலகைப் பக்கமே வைத்து 30 நொடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. ரிவால்வரில் இது கூடுதல் ஆபத்து. மறுபடி இழுத்தால் அந்தத் தோட்டா குழலை விட்டு நகர்ந்து, அடைத்த இடத்தில் வெடிக்கும்.

அதைவிட மோசம் "புஸ்" என்று சத்தம் குறைந்து வெடிப்பது. மருந்து குறைந்த தோட்டாவின் ஈயம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். சத்தமோ உதையோ வழக்கத்துக்கு மாறாக இருந்தால் நிறுத்தி, காலி செய்து, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்த பிறகே மறுபடி தொட வேண்டும். சுடும்போது எந்த விரலும் சிலிண்டரின் முன்முனைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, 12இல் அளந்த இடைவெளி வழியாக வரும் சூட்டுவாயு தோலைக் கிழிக்கும்.

16. வாங்கி ஆறு மாசம்தான். திடீர்னு சிலிண்டர் சுத்தல, சில நேரம் திறக்கவே மாட்டேங்குது. கம்பெனி கோளாறா?

பத்தில் எட்டு முறை அழுக்கு. கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத மருந்துத் துகள் நாலு உட்கார்ந்தால் போதும், தகடு முழுதாகப் படியாது, தோட்டாக்கள் பின்னே துருத்திச் சட்டத்தில் உரசும். பல்துலக்கும் பிரஷ்ஷால் அடியைத் தட்டிவிடுங்கள். துகள் விழாமலிருக்க, சுடுகளத்தின் விதி அனுமதித்தால், குழலை மேலே நிமிர்த்தி, தள்ளுகம்பியை ஒரே அடியாக அழுத்திக் கூடுகளைக் கொட்டுங்கள். மெதுவாக அழுத்தினால் ஒரு கூடு தகட்டின் அடியில் நழுவும்.

திறக்கவே வராதென்றால் தள்ளுகம்பி தளர்ந்து நீண்டிருக்கலாம். இன்றைய ஸ்மித்களில் அதற்கு இடதுதிருகு. வழக்கமான திசையில் முறுக்கினால் இன்னும் கழலும். இறுக்கும்போது அறைகளில் இரண்டு மூன்று வெற்றுக்கூடு போட்டு வையுங்கள், இல்லையென்றால் தகட்டின் ஆணி வளையும். தோட்டாவின் பற்றுவிசை துருத்தியிருந்தாலும் இதே சிக்கல் வரும், வேறு பெட்டித் தோட்டா போட்டுப் பார்த்தால் தெரியும். 7இல் சொன்ன கரி வளையத்தையும் மறக்க வேண்டாம். இவை எதுவுமில்லை, ஒரு குறிப்பிட்ட அறையில் மட்டும் நிற்கிறது என்றால், அப்போது கடைக்காரரிடம் போங்கள்.

17. இந்தியாவுல .32 ரிவால்வர் லைசன்ஸோட விக்கறாங்களாமே. ஊருக்குப் போறப்ப வாங்கிட்டு வந்துடலாமா?

முடியாது. அங்கே கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் 2014இல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி வந்த "நிர்பீக்" வரை பல .32கள் இருப்பது உண்மை. .38 அங்கே தனியாருக்குத் தடைசெய்த அளவு, அதனால்தான் .32 பேர்போனது. ஆனால் அங்கே விற்பது அந்த நாட்டு லைசன்ஸ்காரருக்கு. அந்த லைசன்ஸ் இங்கே செல்லாது. அனுமதியில்லாமல் பெட்டியில் வைத்து இறங்கினால் 3ஆம் பதிலில் சொன்ன சட்டம் விமான நிலையத்திலேயே தொடங்கும். தோட்டாக்கூடு ஒன்றை ஞாபகப்பொருளாக எடுத்துவருவதும் வேண்டாத வம்பு.

18. பழைய தோட்டத்து பங்களாவைப் பிரிக்கறப்ப கூரையில தாத்தா காலத்து ரிவால்வர் ஒண்ணு கெடச்சா என்ன பண்றது? வச்சுக்கலாமா?

கேள்வி கற்பனையல்ல. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை துரைமார், காவல்படையினர் என்று பலர் கையில் வெப்லி, என்ஃபீல்ட் ரிவால்வர்கள் இருந்தன. ஒளித்ததும் மறந்ததும் எங்கேயாவது மிஞ்சியிருக்கலாம்.

கிடைத்தால் தொடாதீர்கள். துருவேறிய அறையில் எழுபது ஆண்டுப் பழைய தோட்டா இருக்கக்கூடும், சுத்தி எந்த நிலையில் நிற்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கி, பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போன் செய்து அவர்களை வரச்சொல்லுங்கள். நல்ல எண்ணத்தோடு துணியில் சுற்றி மோட்டாரில் எடுத்துக்கொண்டு போகிறவர், வழியில் மறித்தால், லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவர்தான். "சுடாது, ஷோகேஸில் வைக்கிறேன்" என்பதும் நிற்காது, துப்பாக்கியின் உதிரிப் பாகமும் சட்டத்தில் ஆயுதமே.

19. அப்பா பேருல லைசன்ஸ் இருந்துச்சு, அவர் தவறிட்டார். துப்பாக்கி இப்ப எனக்குத்தானே?

வீடும் நிலமும் மாதிரி இது வாரிசுக்கு வந்துவிடாது. லைசன்ஸ் அந்த ஆளுக்கும் அந்த வரிசை எண்ணுக்கும் உரியது, ஆள் போனதும் லைசன்ஸும் போய்விட்டது. காரியம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே போலீசுக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்லும்படி ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குச் சீட்டு வாங்குங்கள். பிறகு உங்கள் பேரில் கேட்பதானால் 1ஆம் பதிலிலிருந்து தொடங்க வேண்டும்.

20. மச்சான் ஒரு நாள் கேக்கறான், கழகத்துல அவனும் மெம்பர்தான். கொடுக்கலாமா? லைசன்ஸ் தேதி ரெண்டு நாள் தாண்டிட்டா பரவாயில்லையா?

இரண்டுக்கும் இல்லை. சுடுகளத்தில் நீங்கள் பக்கத்தில் நிற்க, அதிகாரி அனுமதித்து அவர் சுடுவது வேறு. அவர் வீட்டுக்கு எடுத்துப்போவது வேறு. தேதி தாண்டினால் அன்றிலிருந்து உங்களிடம் இருப்பது லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி. முடிவு நாளுக்கு இரண்டு மாதம் முன்பே நாட்காட்டியில் வட்டமிட்டு, புதுப்பிக்கப் போகும்போது துப்பாக்கியைக் காட்டச் சொல்வார்களா என்று முதல்நாள் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டுபோவதானால் காலியாக, பெட்டியில் பூட்டி, தோட்டாவைத் தனியாக வைத்து, லைசன்ஸை மேல்பையில் வைத்துக்கொண்டு நேராகப் போய் நேராக வாருங்கள். வழியில் ஒட்டுக்கடையில் பசியாற நிறுத்த வேண்டாம், காருக்குள் விட்டுப் போன துப்பாக்கி திருடுபோனால் முதல் கேள்வி உங்களுக்குத்தான்.